முன் சக்கரத்து வயர்

“வண்டியில மஞ்சள் லைட்டு எரியுது மாப்பிள்ளை. நான் கிளம்பல” என்றார் மாமனார்.

சொல்லிவிட்டு இன்ஜினை அணைத்தார். இறங்கினார். பின்சீட்டில் மாப்பிள்ளை பத்திரமாக ஏற்றி வைத்திருந்த பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு படியேறத் தொடங்கினார். வழியனுப்புவதற்காக உயர்ந்த மாப்பிள்ளையின் கை, இனி என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டது.

மாப்பிள்ளை கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வீட்டில் மனைவி, சில மாதக் கைக்குழந்தை, அந்தக் குழந்தை யாருக்கும் கொடுக்காத தூக்கம். இவ்வளவுதான் குடும்பம். பேத்தியைப் பார்க்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் வந்து இறங்கிய மாமனார், “ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பிடுவேன்” என்று சொன்னபோது, மாப்பிள்ளை மனதுக்குள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மாமனார் கெட்டவர் இல்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவ்வளவுதான். ஆனால் வேலைதான் ஓய்வு பெற்றிருந்தது. இன்ஸ்பெக்டர் ஓய்வு பெறவில்லை. வந்த உடனே ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் மேல், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல உள்ளங்கையை வைத்து, “நடுங்குது” என்றார். படுக்கையறைக் கதவை நாலு தடவை திறந்து மூடிவிட்டு, “கீல் அழுவுது” என்றார். இந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “மோட்டாருக்கு மூச்சு வாங்குது. பாவம்.”

அவர் துண்டு, மாப்பிள்ளை வழக்கமாக உட்காரும் நாற்காலியின் முதுகில் தொங்கியது. அதன் பிறகு அது அவனுடைய நாற்காலி இல்லை.

இப்போது மாப்பிள்ளை படிகளில் பின்னாலேயே ஓடினான்.

“மாமா, அது சும்மா ஏபிஎஸ் லைட்டு. பிரேக்கெல்லாம் நல்லாப் பிடிக்கும். மெதுவா ஓட்டிட்டுப் போனா ஒண்ணும் ஆகாது.”

“லைட்டு எதுக்கு எரியுது?”

“ஏதோ சக்கரத்துல சென்சார்...”

“நம்மள எச்சரிக்கத்தானே எரியுது? நான் சர்வீஸ்ல இருந்தவரைக்கும் லைட்டு எரியற லிஃப்டுல ஒருத்தரையும் ஏத்தினதில்ல. ஒரு தடவை மந்திரியே வந்து நின்னாரு. படியில போங்க, உடம்புக்கு நல்லதுன்னுட்டேன்.”

“கவலைப்படாதீங்க மாமா. எப்பாடு பட்டாவது உங்களை இன்னிக்கே அனுப்பி வச்சிடறேன்!”

சொன்ன வேகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கதவைத் திறந்த மனைவி அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாப்பிள்ளை கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு சென்சார் உண்டு. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை மெல்லிய வயர் வழியாக அது சொல்லிக்கொண்டே இருக்கும். சேதி வராமல் போனால் விளக்கு எரியும். பாயை விரித்து வண்டிக்கு அடியில் தலையை விட்டவன், இடது பக்க முன் சக்கரத்துக்கு உட்புறம் ஒரு வயர் இரண்டாகத் தொங்குவதைக் கண்டான்.

“எலி!” என்று உள்ளேயிருந்தே கூவினான், ஏதோ புதையலைக் கண்டவன் போல.

மனைவி குழந்தையோடு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “உங்களுக்கு இதெல்லாம் வருமாங்க?”

“கடுகு சைஸ் ஸ்க்ரூவைக் கண்ணாடிக் காதுல மாட்டறவன் நான். இதெல்லாம் எனக்கு ஒரு வயரா?”

மாமனாரையும் ஒரு வார்த்தை அழைத்துப் பார்த்தான். “நீங்க வயரோடயே வாழ்ந்தவரு மாமா. ஒரு கை பிடிங்களேன்.”

“ரிட்டயர் ஆனவன் கை வச்சா, அப்புறம் யாரு கையெழுத்துப் போடறது?” என்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை அறுந்த முனைகளைச் சுரண்டி, முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினான். இன்ஜினைப் போட்டான். விளக்கு கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அந்த நிமிடத்தில் அவனுக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. பெட்டி மறுபடி இறங்கியது. பேத்தியின் கன்னம் மறுபடி தட்டப்பட்டது. வண்டி தெருவில் நேராகப் போயிற்று, முனையில் திரும்பியது, மறைந்தது.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினான். நீட்டிய கால் தரையைத் தொடுமுன் வாசல் மணி அடித்தது.

“எரியுது” என்றார் மாமனார், பெட்டியோடு.

சுரண்டி முறுக்கியதில் வயர் நீளம் குறைந்திருந்தது. நேராகப் போகும்வரை பொறுத்துக்கொண்ட வயர், ஸ்டியரிங்கை ஒடித்ததும் விறைத்து, பட்டென்று விட்டுவிட்டது. போகிற போக்கில், தன்னைப் பிடித்துக்கொண்டிருந்த கிளிப்பையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

அன்று சாயங்காலம் குழந்தை வழக்கம்போல அழ ஆரம்பித்தது. அது சாதாரண அழுகை இல்லை. அக்கம்பக்கத்தார் டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிற அழுகை. மனைவி தோளில் போட்டு நடந்தாள். மாப்பிள்ளை கிலுகிலுப்பையை ஆட்டினான். அடுப்படியில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் சூடான சாப்பாட்டைச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிறது.

“கொண்டா” என்றார் மாமனார்.

“உங்ககிட்ட இருக்க மாட்டாப்பா.”

“கொண்டாம்மா.”

குழந்தையை இரண்டு கையிலும் வாகாக ஏந்திக்கொண்டார். சற்றே குனிந்தார். பிறகு ரேடியோவில் பேசுகிறவர் போன்ற குரலில், “கதவு மூடுது” என்றார்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தது.

“முதல் மாடி.” மெல்ல, மிக மெல்ல, ஒரு குலுக்கல் இல்லாமல் நிமிர்ந்தார். “கதவு திறக்குது. யாரும் இல்ல. கதவு மூடுது. ரெண்டாவது மாடி...”

ஒவ்வொரு மாடிக்கும் கை கொஞ்சம் உயர்ந்தது. வாயிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு மோட்டார் சத்தம் வந்தது; மூச்சு வாங்காத, நல்ல மோட்டார். ஐந்தாவது மாடியில் குழந்தையின் கண் சொருகியது. ஏழாவது மாடியில் தூங்கிப்போயிற்று.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அசைந்தால் கலைந்துவிடுமோ என்று பயம்.

“போய்ச் சாப்பிடுங்க” என்று கிசுகிசுத்தார் மாமனார். “நான் இங்கேயே நிறுத்தி வச்சிருக்கேன்.”

சாப்பாடு சுட்டது. மாப்பிள்ளை நாக்கைச் சுட்டுக்கொண்டான். அதற்கே அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும், ஏதோ குருட்டாம்போக்கில் நடந்தது என்றுதான் நினைத்தான். மறுநாள் கடையிலிருந்து திரும்பும்போது ஈயமும், பற்றவைக்கிற கருவியும் அவன் பையில் இருந்தன.

இந்தத் தடவை நடுவில் ஒரு துண்டு வயரைச் சேர்த்து நீளத்தைச் சரிக்கட்டினான். கண்ணாடி பிரேமுக்கு வைப்பதுபோல நகாசாக ஈயம் வைத்தான். பார்த்தால் நகைக்கடையில் வைக்கலாம். இன்ஜினைப் போட்டான்.

மாமனார் பால்கனியிலிருந்து கேட்டார். “என்ன மாப்பிள்ளை, லைட்டு போச்சா?”

“இல்ல மாமா. இன்னொண்ணும் வந்திருக்கு.”

அந்த வயருக்கு உள்ளே இரண்டு இழைகள். ஒன்று கறுப்பு, இன்னொன்று நீலம். நகாசு வேலை மும்முரத்தில் கறுப்பை நீலத்தோடும் நீலத்தைக் கறுப்போடும் சேர்த்துவிட்டிருந்தான். பிரித்து மாற்றிச் சேர்த்த பிறகும் விளக்குகள் அசையவில்லை. சூடு பட்டு சென்சார் போயிருக்கும் என்று முடிவு செய்து, புதிய சென்சார் ஒன்றை வாங்கி வந்தான். பழையதைக் கழற்ற இழுத்தான். துரு பிடித்து இறுகிப்போயிருந்தது. செல்லமாக ஒரு தட்டு தட்டினான். பாதி சென்சார் கையோடு வந்தது. மீதிப் பாதி, வேர் தங்கிப்போன கடைவாய்ப் பல் மாதிரி, உள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

அப்புறம்தான் தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். மெக்கானிக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“முதல்ல யாரு சார் இதுல கை வச்சது?”

“எலி.”

“எலிக்கு அப்புறம்?”

“நான்.”

“எலியே பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டு, வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். சக்கரத்து மையத்தையே கழற்ற வேண்டும், சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

மாமனாரிடம் சேதி சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். “உங்களுக்குத்தான் சிரமம்.”

சிரமம் எங்கே போயிற்று என்று மாப்பிள்ளைக்கே தெரியவில்லை. தினமும் சாயங்காலம் அந்த வீட்டு லிஃப்ட் ஏழாவது மாடிக்குப் போய்வந்தது. கதவுக் கீலுக்கு மாமனார் எண்ணெய் விட்டிருந்தார். படுக்கையறைக்குள் போனால் இப்போது குழந்தை விழிப்பதில்லை. வாஷிங் மெஷினின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்; அது இப்போதெல்லாம் ஓடும்போது சமையலறையை விட்டு வெளியே நடந்து வருவதில்லை.

மாமனார் வருவதற்கு முந்தைய வாரம்தான் கடையில், ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு, “இப்ப தெளிவாத் தெரியுதுங்களா?” என்று மாப்பிள்ளை கேட்டிருந்தான். “தெரியுதே, நீங்க ரெண்டு பேரா நிக்கறீங்க” என்றார் அவர். அவ்வளவு தூக்கக் கலக்கம். இப்போது முகச்சவரம் செய்துகொண்டு கடைக்குப் போனான். சரியான கண்ணாடி சரியான மூக்கில் உட்கார்ந்தது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் ஏதோ சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். கையில் ஆவி பறக்கும் காபி. குழந்தை பிறந்த பிறகு அந்தச் சிரிப்பைத் தான் கேட்கவே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைக் கழற்றும் சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான்.

மாமாவிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஆனால் சொந்தக்காரரிடம் எப்படி நன்றி சொல்வது? சொன்னால், கணக்கை முடித்துக்கொண்டு எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும். அதனால் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தான்.

“இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் மாமா.”

“மரியாதைக்குச் சொல்றீங்க.”

“இல்ல மாமா, நிஜமாத்தான்.”

“மரியாதை தெரிஞ்சவங்க ‘நிஜமாத்தான்’னுதான் சொல்வாங்க” என்றார் மாமனார். “மாப்பிள்ளை வீட்ல ரெண்டு நாளுக்கு மேல இருக்கறது அழகில்ல. வண்டி வந்ததும் கிளம்பிடறேன்.”

அப்பாவிடம் நீயே கேள் என்று மனைவியிடம் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். “அம்மா போனப்பவே ‘எங்களோட வந்துடுங்கப்பா’ன்னு எவ்வளவோ கெஞ்சினேன். ‘என் வீட்டு லைட்டை நான்தான் போடணும், நான்தான் அணைக்கணும்’னுட்டாரு. இன்னொரு தடவை கேட்டு மூக்கறுபட என்னால முடியாது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தவிர, உங்களுக்கே அவரு எப்படா கிளம்புவார்னு இருக்கு. வண்டிக்கடியில படுத்துப் படுத்து எழுந்திரிச்சீங்களே, நான் பார்க்கலையா?” என்றாள்.

  

சாமான் வெளியூரிலிருந்து வந்தே விட்டது. மெக்கானிக் வேலையை முடித்து, வண்டியைக் கொண்டுவந்து கீழே நிறுத்தி, சாவியை மாப்பிள்ளையின் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு விளக்கும் எரியவில்லை. இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்காக அந்த மெக்கானிக் மேல் மாப்பிள்ளைக்குக் கோபம் கோபமாக வந்தது.

“காலையில கிளம்பறேன்” என்றார் மாமனார். பெட்டியில் துண்டை மடித்து வைத்தார். நாற்காலியின் முதுகு வெறுமையாக இருந்தது. மாப்பிள்ளை அதில் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் பேத்திக்கு இளவெயில் காட்ட மாமனார் மொட்டைமாடிக்குப் போனார். மனைவி, “பால் வாங்கிட்டு வரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு வெளியே போனாள். வீட்டில் யாருமில்லை. “குப்பை கொட்டிட்டு வரேன்” என்று யாருமில்லாத வீட்டுக்குச் சொல்லிவிட்டு, கடையில் பிரேம் கம்பி வெட்டுகிற சின்னக் கட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை கீழே இறங்கினான்.

வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தச் செருப்பு அவனுக்குத் தெரிந்த செருப்பு.

“நீ... பால் வாங்கப் போகல?”

மனைவி வண்டிக்கடியிலிருந்து தலையை இழுத்துக்கொண்டாள். நெற்றியில் கிரீஸ். கையில் சமையலறைக் கத்தரிக்கோல்.

“நீங்க குப்பை கொட்டத்தானே வந்தீங்க? குப்பை எங்க?”

இரண்டு பேரும் சற்று நேரம் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்பா போயிட்டா பாப்பாவை யாருங்க ஏழாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போவாங்க?” என்றாள் அவள். “பாப்பாவுக்காக மட்டும் சொல்லல. அங்க போய் அவரு தனியா உட்கார்ந்து எந்தக் கதவைத் திறந்து மூடிட்டு இருக்கப்போறாரு?”

மாப்பிள்ளை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். “முதல்ல எனக்கு அவரு போனாப் போதும்னுதான் இருந்துச்சு. நீ சொன்னது சரிதான். இப்ப அப்படி இல்ல. அந்தத் துண்டு நாற்காலியில இல்லைன்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

“வெட்டிட்டியா?”

“ம். இதுதானே?”

அவன் படுத்து எட்டிப் பார்த்தான். “இதேதான்! பக்கத்துல பிரேக் குழாய் இருக்கே, அதைத் தொடலையே?”

“அது தடிமனா இருக்குமே. உங்க வீடியோவை நானும்தான் பார்த்தேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டது அவனுக்கு நினைவில்லை. “ஆனா ஒண்ணு பத்தாது. அந்த மெக்கானிக் கெட்டிக்கார ஆளு, ஒரே நாள்ல சரி பண்ணிடுவான்” என்று சொல்லி முன் சக்கரத்துக்கு ஊர்ந்து போனான். தான் பாடுபட்டும் சரிசெய்ய முடியாத வயரை, இரண்டே விரலால் பிடித்து நறுக்கென்று வெட்டினான். அந்த வண்டியில் அவன் செய்த வேலைகளிலேயே கச்சிதமாக முடிந்த வேலை அதுதான்.

மாமனார் பெட்டியோடு இறங்கி வந்தார். பேத்தியை மகளிடம் கொடுத்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். அந்த நேரம் பார்த்து, டிக்கியில் மறந்துவிட்டுப் போன தன் ஸ்பானரை எடுக்க மெக்கானிக்கும் வந்து சேர்ந்தார்.

மாமனார் சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்தன. அவர் அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடடா!” என்றான் மாப்பிள்ளை, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “மறுபடியுமா? எலிதான் மாமா. வேற என்ன!”

“பெரிய எலியா இருக்கும்பா” என்றாள் மகள், நெற்றி கிரீஸைத் துடைத்துக்கொண்டே.

“ம்” என்றார் மாமனார். இன்ஜினை அணைத்தார். “எத்தனை நாளாகுமோ. சரி, என்ன செய்யறது.” பெட்டியை மாப்பிள்ளை எடுத்துக்கொள்ள விட்டுவிட்டு, பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு படியேறினார். முதல் திருப்பத்திலேயே “கதவு மூடுது” என்ற குரல் கேட்டது. குழந்தை களுக்கென்று சிரித்தது. மகளும் அவர் பின்னாலேயே ஓடினாள்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மஞ்சள் விளக்குக்கும், வயருக்கும், முதன்முதலில் அதைக் கடித்த அந்த முகம் தெரியாத எலிக்கும் மனதாரக் கும்பிடு போட்டான். பிறகு மெக்கானிக்கைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

“அண்ணே, உங்ககிட்ட மறைக்க விரும்பல. பின்னாடி வயரை வெட்டினது என் வீட்டுக்காரி. முன்னாடி வெட்டினது நான். அவரு எங்களோடயே இருக்கணும்ணே. கூப்பிட்டா இருக்க மாட்டாரு. நீங்க மெதுவா வேலை பாருங்க. சாமான் கிடைக்கலைன்னு சொல்லுங்க. எவ்வளவு நாளானாலும் பரவாயில்ல.”

மெக்கானிக் படிக்கட்டு உச்சியை அண்ணாந்து பார்த்தார். “இப்பப் பாப்பாவைத் தூக்கிட்டுப் போறாரே, அவருதான் உங்க மாமனாரா?”

“ஆமாண்ணே.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் எதுக்கு சார் வீணா கஷ்டப்பட்டீங்க? மொதல்ல லைட்டு எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அந்த ஞாயித்துக்கிழமைக்கு மொத நாளு நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு நடந்து வந்து, ‘தம்பி, பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாம லைட்டு மட்டும் எரியணும்னா எந்த வயரை வெட்டணும்’னு என்கிட்ட கேட்டுக்கிட்டுப் போனதே அவருதானே!”